டெட்லாக் அறிக்கை சொல்லாமல் விடும் பாதி

ஆடி மாதத்துச் சனிக்கிழமை மாலை ஒன்றில், தியாகராய நகர் ஜவுளிக்கடை ஒன்றின் பில்லிங் மேற்பார்வையாளர் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "சார், பில் போட்டா எரர்னு வருது. திரும்பப் போட்டா போயிடுது. ஆனா கவுன்ட்டர்ல கூட்டம் நிக்குது சார்." தரவுத்தளப் பராமரிப்பில் சில ஆண்டுகள் இருந்தவர்களுக்கு இந்த மூன்று வாக்கியங்களிலேயே பாதி விடை கிடைத்துவிடும். பிழை வருகிறது, அதே வேலையைத் திரும்பச் செய்தால் வருவதில்லை, கூட்டம் இருக்கும்போது மட்டும் வருகிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது டெட்லாக்கை. மீதிப் பாதி விடையைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் ஏன் ஆனது என்பதை விளக்கினால், டெட்லாக் ஆய்வில் பெரும்பாலானவர்கள் எங்கே வழி தவறுகிறார்கள் என்பதும் விளங்கிவிடும்.

சொல்லைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. டெட்லாக்கைத் தமிழில் முட்டுக்கட்டை என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முட்டுக்கட்டை என்பது ஒருவர் போடுவது, மற்றவர் அதனால் தடைபடுவது. டெட்லாக்கில் போடுபவர், தடைபடுபவர் என்ற பிரிவே கிடையாது. கடையில் ஒருவரிடம் கிடங்குச் சாவி இருக்கிறது, இன்னொருவரிடம் சரக்குப் பேரேடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேரேடு வந்தால்தான் சாவியைத் தருவேன் என்று முன்னவரும், சாவி வந்தால்தான் பேரேட்டைத் தருவேன் என்று பின்னவரும் உட்கார்ந்துவிட்டால், யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. மூன்றாவது ஆள் ஒருவர் வந்து ஒருவரை எழுப்பி அனுப்பும்வரை வேலையும் நடக்காது. ஆகவே டெட்லாக் என்றே எழுதுகிறேன். ஆனால் தனியாக வரும் 'லாக்' என்ற சொல்லை மட்டும் தவிர்த்துவிடுகிறேன். பூட்டும் லாக், சர்வர் எழுதிவைக்கும் குறிப்பும் லாக் என்று தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால், "லாக்கைப் பார்த்தீர்களா" என்று தொலைபேசியில் கேட்டு இருவரும் வெவ்வேறு திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் எங்கள் அலுவலகத்தில் பலருக்கு உண்டு. இங்கே ஒன்று பூட்டு, மற்றது பதிவேடு.

சாதாரணக் காத்திருப்பு டெட்லாக் அல்ல. ஒரு பரிவர்த்தனை, அதாவது சேர்ந்தே முடிய வேண்டிய கட்டளைகளின் தொகுதி, அட்டவணையின் ஒரு வரியை, அதாவது ஒரு பதிவைத் திருத்தும்போது, அது கமிட் (மாற்றங்கள் நிலையாவது) அல்லது ரோல்பேக் (அவை ரத்தாவது) ஆகும்வரை அந்தப் பதிவின் பூட்டு அதன் கையில் இருக்கும். அதே பதிவைத் திருத்த வரும் இன்னொரு பரிவர்த்தனை வரிசையில் நிற்கும். வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் முன்னால் நிற்பவர் நகர்ந்தால் அது நகரும். வரிசையின் தலை தன் வாலுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டால்தான் அது டெட்லாக். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இந்த வேறுபாட்டைப் பிழை எண்ணே காட்டிக்கொடுக்கும்: டெட்லாக் என்றால் 1213, காத்திருந்து நேரம் தீர்ந்துபோனால் 1205. எஸ்கியூஎல் சர்வரில் டெட்லாக்கின் எண்ணே 1205 என்பது, இரண்டு தரவுத்தளங்களையும் பார்த்துக்கொள்ளும் ஆட்களைக் குழப்புவதற்கென்றே வைத்ததுபோல் இருக்கும்.

1971-இல் காஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி மூவரும் எழுதிய கட்டுரை, டெட்லாக் உண்டாக நான்கு நிபந்தனைகள் ஒருசேர அமைய வேண்டும் என்று வகுத்தது. பொருளை ஒரு நேரத்தில் ஒருவரே வைத்திருக்க முடியும். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே இன்னொன்றைக் கேட்கலாம். கையில் இருப்பதைப் பலவந்தமாகப் பிடுங்க முடியாது. காத்திருப்பு ஒரு வட்டமாக வேண்டும். இவற்றில் முதல் மூன்றையும் தரவுத்தளம் தெரிந்தே ஏற்றுக்கொண்டிருக்கிறது. பரிவர்த்தனை முடியும்வரை பூட்டை விடாமல் பிடித்திருப்பதுதான் கணக்கு கெடாமல் காக்கிறது. அதைத் தளர்த்தினால் டெட்லாக் போகும், கூடவே இருப்புக் கணக்கும் போகும். எனவே செயலி எழுதுபவர் கையில் மிஞ்சுவது நான்காவது மட்டும்தான். வட்டம் உண்டாகாமல் பார்த்துக்கொள்வது என்றால் பூட்டுகளை எல்லோரும் ஒரே வரிசை முறையில் எடுப்பது என்று பொருள். பாடப்புத்தகம் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. எங்கள் சிக்கல் இதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

வட்டத்தைக் கண்டுபிடிப்பது தரவுத்தளத்தின் வேலை. யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற வரைபடத்தில் சுற்று இருக்கிறதா என்று அது தேடும். எப்போது தேடும் என்பது ஒவ்வொன்றிலும் வேறு. மைஎஸ்கியூஎல்லில் தரவைச் சேமித்துப் பூட்டுகளைக் கையாளும் பகுதியான இன்னோடிபி ஏறத்தாழ உடனுக்குடன் பார்த்துவிடுகிறது. எஸ்கியூஎல் சர்வரில் அதற்கென்றே உள்ள கண்காணிப்பு 5 நொடிக்கு ஒருமுறை ஓடி, டெட்லாக் கண்ணில் பட ஆரம்பித்ததும் அடிக்கடி ஓடத் தொடங்கும். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில், காத்திருக்கும் பரிவர்த்தனை 1 நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு, தானே வரைபடத்தைச் சோதிக்கும். அந்த 1 நொடி மாற்றக்கூடிய ஓர் அமைப்பு. வட்டம் கிடைத்ததும் ஒருவரை வெளியேற்றித்தான் ஆக வேண்டும். அவரைத்தான் பலி என்கிறார்கள். பலியைத் தேர்ந்தெடுப்பதில் நீதி எதுவும் இல்லை. இன்னோடிபி குறைந்த எண்ணிக்கையில் பதிவுகளைச் சேர்த்த, மாற்றிய, நீக்கிய பரிவர்த்தனையைப் பலி கொடுக்கும். எஸ்கியூஎல் சர்வர், முன்னுரிமை சமமாக இருந்தால், திரும்பப் பெறுவதற்குச் செலவு குறைந்ததைத் தேர்ந்தெடுக்கும். போஸ்ட்கிரஸில் யாருடைய சோதனையில் வட்டம் அகப்படுகிறதோ அவரே தன்னை முடித்துக்கொள்கிறார். ஒரு காத்திருப்புக்கு ஒரே சோதனைதான் என்பதால், முதலில் காத்திருக்கத் தொடங்கியவரின் 1 நொடி முடியும்போது வட்டம் இன்னும் மூடவில்லையென்றால் அவர் தப்பிப்பார். கடைசியாக வந்து வட்டத்தை மூடியவர் மாட்டுவார்.

இதனால் விளைவது என்னவென்றால், பிழைச் செய்தி போய்ச் சேர்வது செத்தவரிடம். செயலியின் பிழைப் பட்டியலில் இருப்பவை எல்லாம் பலியானவர்களின் பெயர்கள்தான். அவர்களோடு மோதிப் பிழைத்துக் கமிட் ஆகிப் போனவரின் பெயர் அங்கே இருப்பதில்லை. தியாகராய நகர்க் கடையில் எரர் வந்தது எப்போதும் பில் கவுன்ட்டரில்தான். ஆகவே பில் போடும் நிரலைத்தான் எல்லோரும் துருவிக்கொண்டிருந்தோம். அது பாதிதான் சரி.

அந்தக் கடையில் ஓடியது மைஎஸ்கியூஎல். அதன் இன்னோடிபியின் நிலை அறிக்கையில், கடைசியாகக் கண்டறிந்த டெட்லாக் என்று ஒரு பகுதி உண்டு. கடைசியாக நடந்த ஒன்றுக்கு மட்டுமே அங்கே இடம். அடுத்தது வந்தால் முந்தையது அழிந்துவிடும். எல்லா டெட்லாக்கையும் பிழைப் பதிவேட்டில் எழுதும் அமைப்பு ஒன்று இருக்கிறது. அது இயல்பில் அணைந்திருக்கும். அதைப் போடச் சொல்லிவிட்டு மறுநாள் காலையில் வந்து பார்த்தபோது, முந்தைய இரவின் டெட்லாக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டு பரிவர்த்தனைகள். இரண்டும் ஓட்டிக்கொண்டிருந்த கட்டளை ஒரே வடிவம்: இருப்பு அட்டவணையில் இந்தக் கிளை, இந்தச் சரக்குக் குறியீடு உள்ள பதிவில் எண்ணிக்கையை ஒன்று குறை. முதலாவது 2162 என்ற வேட்டியின் பதிவுக்காகக் காத்திருக்கிறது, இரண்டாவது 1049 என்ற துண்டின் பதிவுக்காக. இவ்வளவும் கட்டளையின் வாசகத்திலேயே இருக்கிறது.

ஆனால் ஒவ்வொன்றும் கையில் எதை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது என்பது வாசகமாக அங்கே இல்லை. அது பூட்டின் விவரமாக, பதினாறடிமான எண்களில் கொட்டிக் கிடக்கும்: முதல் புலம் 80000003, இரண்டாவது புலம் 80000419, பிறகு பரிவர்த்தனை எண், பிறகு வேறு சில. குறியுள்ள முழு எண்ணைச் சேமிக்கும்போது இன்னோடிபி முதல் பிட்டைத் திருப்பிப் போடுவதால்தான் முன்னால் அந்த 8 நிற்கிறது. அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் 3 என்பது கிளை. பதினாறடிமான 419 என்பது நம் எண்ணில் 1049, அதாவது துண்டு. இதே கணக்கில் 80000872 என்பது 2162, வேட்டி. பழைய 5.7 பதிப்பில் இரண்டாவது பரிவர்த்தனை வைத்திருக்கும் பூட்டை மட்டும்தான் காட்டுவார்கள். முதலாவது வைத்திருப்பது எது என்பதை, இரண்டாவது எதற்காகக் காத்திருக்கிறது என்பதிலிருந்து நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

டெட்லாக் அறிக்கை சொல்லாமல் விடும் பாதி இதுதான். முட்டி நின்ற கடைசிக் கட்டளையை அது சொல்கிறது. முட்டலுக்குக் காரணமான பூட்டை எடுத்த முந்தைய கட்டளை எது, அது நிரலின் எந்த வரியிலிருந்து வந்தது என்பதை அது சொல்வதில்லை. அந்தக் கட்டளை எப்போதோ முடிந்துபோனது, அது விட்டுச்சென்ற பூட்டு மட்டுமே மிச்சம். அறிக்கையில் தெரியும் இரண்டு கட்டளைகளை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் எத்தனை நாள் பார்த்தாலும் விடை வராது, ஏனென்றால் அவை இரண்டிலும் தவறே இல்லை. தேட வேண்டியது முந்தைய இரண்டு கட்டளைகளை.

அவற்றை எடுக்க எங்களுக்குக் கைகொடுத்தவை இரண்டு. பிழைத்தவர் கமிட் ஆகிவிட்டதால், அவர் எந்தப் பதிவை எந்த வரிசையில் மாற்றினார் என்பது கமிட் ஆன மாற்றங்களை வரிசையாக எழுதிவைக்கும் பைனரி பதிவேட்டில் அப்படியே இருக்கிறது; பரிவர்த்தனையின் நேரத்தை வைத்து அதை எடுத்துவிடலாம். பலியானவர் செய்தது எல்லாம் ரோல்பேக் ஆகிவிட்டதால் அங்கே ஒரு தடயமும் இருக்காது. அவருக்கு, ஒவ்வொரு இணைப்பும் கடைசியாக ஓட்டிய 10 கட்டளைகளை நினைவில் வைத்திருக்கும் செயல்திறன் அட்டவணையை உடனே பார்க்க வேண்டும். அடுத்த பில் போட்டாலே அது அழிந்துவிடும். இதற்குப் பிறகு நாங்கள் செய்த ஓர் ஏற்பாடு, ஒவ்வொரு கட்டளையின் தலையிலும் நிரலின் பெயரையும் இடத்தையும் ஒரு கமென்ட்டாக எழுதிவிடுவது. அழகாக இராது, இரவு பத்து மணிக்கு யாரையும் எழுப்பாமல் விடை கிடைக்கும்.

விடை இப்படி வந்தது. பில் போடும் நிரல், ஸ்கேன் செய்த வரிசையிலேயே இருப்பைக் குறைத்துக்கொண்டு போகிறது. ஒரு வாடிக்கையாளர் துண்டை முதலில் மேசையில் வைத்தார், வேட்டியைப் பிறகு; பக்கத்து கவுன்ட்டரில் வேட்டி முதலில், துண்டு பிறகு. கடைக்காரர் இந்த இரண்டையும் சேர்த்து வாங்கினால் சலுகை என்று பலகை வைத்திருந்தார். வட்டத்தை உண்டாக்கியது அந்தப் பலகை என்றுகூடச் சொல்லலாம். பில்லில் உள்ள சரக்குகளைக் குறியீட்டு எண்ணின் ஏறுவரிசையில் அடுக்கிவிட்டு, அதன் பிறகே இருப்பைக் குறைக்க வேண்டும் என்று நிரலை மாற்றினோம். பில்லும் பில்லும் மோதுவது அன்றோடு நின்றது.

ஆனால் டெட்லாக் நிற்கவில்லை. எண்ணிக்கை குறைந்தது, அவ்வளவுதான். மிச்சம் இருந்தவற்றில் பலி மட்டும் எப்போதும் பில். பிழைத்தது, கிடங்கிலிருந்து கிளைகளுக்குச் சரக்கு அனுப்பும் நிரல். அந்த நிரல் ஒரே பரிவர்த்தனையில் நூற்றுக்கணக்கான பதிவுகளை மாற்றுவதால், குறைவாக மாற்றியவரைப் பலியிடும் இன்னோடிபியின் விதிப்படி அது ஒருநாளும் சாகாது. ஆகவே ஒருநாளும் யாருடைய பிழைப் பட்டியலிலும் வந்ததில்லை. அதை எழுதியவர்கள் வேறு குழு. சரக்குகளை லாரியில் ஏற்றும் வரிசையில் அவர்கள் மாற்றிக்கொண்டிருந்தார்கள். வரிசை முறை என்பது ஒரு நிரலின் நல்லொழுக்கம் அன்று. அந்த அட்டவணையைத் தொடும் எல்லா நிரல்களுக்கும், இரவு ஓடும் வேலைகளுக்கும், அட்டவணை மாறும்போது தானாக ஓடும் டிரிகர்களுக்கும் பொதுவான சட்டம். அதை எங்கே எழுதிவைப்பது, யார் காப்பது என்பது நிரல் பிரச்சினையைவிட நிர்வாகப் பிரச்சினை.

ஆடியில் மட்டும் ஏன் என்ற கேள்வி கடைக்காரருடையது, நியாயமான கேள்வி. வருடம் முழுதும் இதே நிரல்தானே ஓடுகிறது. இதற்கு விடை 1981-லேயே இருக்கிறது. தரவுத்தள ஆய்வாளர் ஜிம் கிரேயும் சகாக்களும் ஐபிஎம்மில் இருந்தபோது எழுதிய ஓர் ஆய்வறிக்கை, காத்திருப்பும் டெட்லாக்கும் நேரும் வாய்ப்பை எளிய மாதிரி ஒன்றால் கணக்கிட்டது. பரிவர்த்தனைகள் பதிவுகளைச் சீராகப் பரவலாகத் தொடுகின்றன, டெட்லாக் அரிதாகவே நடக்கிறது என்று கொண்டால், ஒரு பரிவர்த்தனை டெட்லாக்கில் மாட்டும் வாய்ப்பு, அது எடுக்கும் பூட்டுகளின் எண்ணிக்கையின் நான்காம் அடுக்காக ஏறுகிறது. சாதாரண நாளில் ஒரு பில்லில் 3 சரக்கு, ஆடியில் குடும்பத்தோடு வந்து 12 சரக்கு என்று வைத்துக்கொண்டால், பில் நான்கு மடங்குதான் நீள்கிறது. டெட்லாக் வாய்ப்போ 256 மடங்கு. கவுன்ட்டர்கள் கூடும்போது ஒரே நேரத்தில் ஓடும் பரிவர்த்தனைகளும் கூடுவதால், மொத்த டெட்லாக்குகள் அதற்குத் தனியாக இரண்டாம் அடுக்காக ஏறும். இதில் சீராகப் பரவலாக என்ற அனுமானம் ஜவுளிக்கடைக்குப் பொருந்தாது. தள்ளுபடி போட்ட நாற்பது ஐம்பது சரக்குகளைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். நிஜம் கணக்கைவிட மோசமாகத்தான் இருக்கும். மாதம் ஒன்றிரண்டு வந்து யாரும் கவனிக்காமல் இருந்தது ஆடியில் வெடித்ததில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

பூட்டு எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது என்பதும் இந்தக் கணக்கில் சேரும். பில் போடும் நிரலில், இருப்பைக் குறைத்துவிட்டு, யூபிஐ பணம் வந்துசேர்ந்ததா என்று வங்கிப் பக்கத்திலிருந்து பதில் வரும்வரை பரிவர்த்தனையைத் திறந்தே வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர் தன் கைபேசியில் ரகசிய எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும் நேரம் முழுக்க, வேட்டியின் பூட்டு அவர் கையில். இதைப் பார்த்ததும் டெட்லாக்கை விட்டுவிட்டு முதலில் இதைத்தான் திருத்தினோம்.

வரிசையை ஒழுங்குபடுத்தினால் போதும் என்று இதுவரை படித்தவர்களுக்குத் தோன்றலாம். போதாது. எல்லோரும் ஒரே வரிசையில் நடந்தும் டெட்லாக் வரும் இடங்கள் இரண்டைச் சொல்ல வேண்டும். இரண்டும் இதே கடையில், பிற்பாடு பார்த்தவை.

முதலாவது ஃபாரின் கீ, அதாவது ஓர் அட்டவணையின் பதிவு சுட்டும் பதிவு மற்ற அட்டவணையில் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டுப்பாடு. கிளை அட்டவணையில் இன்றைய விற்பனை மொத்தம் என்று ஒரு புலத்தைப் புதிதாகச் சேர்த்தார்கள். ஒவ்வொரு பில்லும் முதலில் பில் அட்டவணையில் ஒரு பதிவைச் சேர்க்கும், கடைசியில் கிளையின் மொத்தத்தைக் கூட்டும். எல்லாப் பில்லுக்கும் இதே வரிசைதான். ஆனால் பில் பதிவைச் சேர்க்கும்போதே, அந்தக் கிளை உண்மையில் இருக்கிறதா என்று ஃபாரின் கீ சோதிக்கும். அப்போது கிளையின் பதிவில் பகிர்வுப் பூட்டு ஒன்றை இன்னோடிபி எடுத்துவைத்துக்கொள்ளும். பகிர்வுப் பூட்டு என்பதால் இரண்டு பில்கள் ஒரே நேரத்தில் அதை வைத்திருக்க முடியும். பிறகு இரண்டுமே மொத்தத்தைக் கூட்ட வரும்போது ஒருவர் மட்டுமே வைத்திருக்கக்கூடிய தனிப்பூட்டு வேண்டும்; ஒவ்வொன்றும் மற்றது தன் பகிர்வுப் பூட்டை விடுவதற்காகக் காத்திருக்கும். ஒரே பதிவு, ஒரே வரிசை, ஒரே நிரல், ஆனாலும் வட்டம். நிரலில் எங்கும் எழுதப்படாத பூட்டு இது. போஸ்ட்கிரஸிலும் முன்பு இதே தொல்லை இருந்தது. 2013-இல் வந்த 9.3 பதிப்பில், சாவிப் புலத்தைத் தொடாத திருத்தங்களோடு மோதாத மெல்லிய பூட்டு ஒன்றை ஃபாரின் கீ சோதனைக்கென்று கொண்டுவந்தபிறகு அங்கே தீர்ந்தது. எங்கள் கடையில், மொத்தத்தை முதலிலேயே கூட்டிவிட்டால் வட்டம் போய்விடும் என்று ஒருவர் சொன்னார். போகும்தான், ஆனால் ஒரு கிளையின் எல்லா கவுன்ட்டரும் அந்த ஒரு பதிவுக்காக ஒருவர்பின் ஒருவராக நிற்க வேண்டியிருக்கும். அந்தப் புலத்தையே எடுத்துவிட்டு, மொத்தம் வேண்டும்போது பில்களிலிருந்து கூட்டிக்கொள்ளச் செய்தோம்.

இரண்டாவது, இல்லாத பதிவின் மேல் எடுக்கும் பூட்டு. புதிய வாடிக்கையாளர் வந்தால், அவருடைய கைபேசி எண் ஏற்கெனவே இருக்கிறதா என்று, திருத்துவதற்காகப் படிக்கும் கட்டளையால் பார்த்துவிட்டு, இல்லையென்றால் சேர்ப்பார்கள். பார்க்க நல்ல எச்சரிக்கை போலத்தான் இருக்கும். ரிப்பீட்டபிள் ரீட் என்ற, மைஎஸ்கியூஎல் இயல்பாகத் தரும் தனிமைப்படுத்தல் நிலையில் (ஒரே நேரத்தில் ஓடும் பரிவர்த்தனைகளை ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு பிரித்துவைப்பது என்ற அமைப்பு), இல்லாத எண்ணைத் தேடினால் அந்த எண் இருந்திருக்க வேண்டிய இடைவெளியை இன்னோடிபி பூட்டிவைக்கும். இடைவெளிப் பூட்டுகள் ஒன்றோடொன்று மோதுவதில்லை; அவை தடுப்பது அந்த இடைவெளியில் புதிதாகச் சேர்ப்பதை மட்டும். ஆகவே இரண்டு கவுன்ட்டர்களில் இரண்டு வெவ்வேறு புதிய வாடிக்கையாளர்கள், எண்கள் ஒரே இடைவெளியில் விழுந்தால், இருவரும் இடைவெளியைப் பூட்டுவார்கள், இருவரும் சேர்க்கப் போவார்கள், இருவரும் முட்டி நிற்பார்கள். அறிக்கையில் இன்சர்ட் இன்டென்ஷன் என்ற சொற்கள் தென்பட்டால் தேட வேண்டியது இதைத்தான். ஒரு வேடிக்கை என்னவென்றால், அட்டவணையில் ஆட்கள் குறைவாக இருக்கும்போதுதான் இடைவெளிகள் அகலம்; ஆகவே பழைய கிளையைவிடத் தனித் தரவுத்தளத்தோடு அப்போதுதான் திறந்த வேளச்சேரிக் கிளையில் இது அதிகமாக வந்தது. கூட்டத்தை வைத்துக் காரணம் தேடியவர்களுக்கு இது பிடிபடவே இல்லை. முதலில் தேடுவதை விட்டுவிட்டு நேராகச் சேர்த்துப் பார்ப்பது, எண் ஏற்கெனவே இருக்கிறது என்ற பிழை வந்தால் பழைய வாடிக்கையாளர் என்று எடுத்துக்கொள்வது என்று மாற்றியதும் அது தீர்ந்தது.

போஸ்ட்கிரஸில் இந்த இடைவெளிப் பூட்டு கிடையாது. அறிக்கையின் மொழியும் வேறு. அங்கே ஒரு டெட்லாக்கின் விவரம், செயல்முறை 18231 என்பது பரிவர்த்தனை 90412-இன் மீது ஷேர்லாக் கேட்டுக் காத்திருக்கிறது, தடுப்பது செயல்முறை 18240 என்ற வடிவில் வரும். ஷேர்லாக் என்றதும் யாரோ அட்டவணையைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு அறிக்கை எடுக்கும் நிரல்களைத் திட்டத் தொடங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். விஷயம் அதுவல்ல. போஸ்ட்கிரஸ் பதிவுகளின் பூட்டை நினைவகத்தில் பட்டியலிட்டு வைப்பதில்லை. பதிவின் தலைப்பகுதியிலேயே எந்தப் பரிவர்த்தனை அதைத் திருத்துகிறது என்று குறித்துவிடுகிறது. அந்தப் பதிவு வேண்டுமென்று வருபவர், குறிப்பில் உள்ள பரிவர்த்தனை முடியட்டும் என்று அதன் எண்ணின் மீது காத்திருக்கிறார். ஷேர்லாக் என்று அறிக்கையில் வருவது அந்தக் காத்திருப்பின் பெயர்தான். கூடவே, எந்த அட்டவணையின் எந்த இடத்தில் உள்ள பதிவைத் திருத்தும்போது என்று, 41-ஆம் பக்கம், 7-ஆம் பதிவு என்பதுபோல் ஒரு முகவரியும் வரும். ஆவலோடு அந்த முகவரியைத் தேடிப் போனால் பெரும்பாலும் அங்கே ஒன்றும் இருக்காது; பிழைத்த பரிவர்த்தனை கமிட் ஆனதும் பதிவின் புதிய பிரதி வேறு இடத்துக்குப் போய்விட்டிருக்கும், முகவரி பழைய பிரதியுடையது. இரண்டு பக்கத்துக் கட்டளைகளும் சர்வரின் பதிவேட்டில் மட்டுமே முழுமையாக இருக்கும். செயலிக்கு வரும் செய்தியில், 40பி01 என்ற குறியீட்டோடு, பதிவேட்டைப் பார் என்ற அறிவுரைதான் இருக்கும்.

ஒரே கட்டளையும் ஒழுங்கற்ற வரிசையில் பூட்டு எடுக்கும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஐம்பது சரக்குகளின் விலையை ஒரே கட்டளையில் மாற்றினால், எந்த வரிசையில் அவை பூட்டப்படும் என்பதைத் தீர்மானிப்பது பதிவுகளை விரைவாகத் தேட உதவும் எந்த இண்டெக்ஸ் வழியாகத் தரவுத்தளம் போகிறது என்பது. நாம் பட்டியலில் எழுதிய வரிசை அல்ல. போஸ்ட்கிரஸில் திருத்தும் கட்டளைக்கு வரிசை சொல்லவே வழியில்லை. ஆகவே வேண்டிய பதிவுகளை வரிசைப்படுத்தி, திருத்துவதற்காகப் படிக்கும் கட்டளையால் முதலில் பூட்டிவிட்டு, பிறகு திருத்த வேண்டும். பொருத்தமான இண்டெக்ஸே இல்லாவிட்டால் நிலைமை இன்னும் கெடும். ரிப்பீட்டபிள் ரீட்டில் இன்னோடிபி, தேடிப்போன வழியில் பார்த்த பதிவுகள் அனைத்தையும் பூட்டிக்கொண்டே போகும். ஆரக்கிள் தரவுத்தளத்தில் ஃபாரின் கீ புலத்துக்கு இண்டெக்ஸ் போடாமல் விடுவது டெட்லாக்குக்குப் பெயர்போன காரணம். அங்கே பிழை ஓரா-00060. அதோடு வரும் விவரக் கோப்பு, இது ஆரக்கிளின் பிழையல்ல, செயலியை வடிவமைத்தவரின் பிழை என்ற பொருளில் முதலிலேயே கைகழுவிவிடும். சற்றுக் கடுமையாகத் தோன்றினாலும் சொல்வது சரிதான்.

டெட்லாக் வந்தபின் செயலி என்ன செய்கிறது என்பதில்தான் உண்மையான சேதம் இருக்கிறது. எரர் வந்தால் திரும்பச் செய் என்பது எளிதாகத் தோன்றும். எதைத் திரும்பச் செய்வது என்பதில் ஒவ்வொரு தரவுத்தளமும் ஒரு வகை. இன்னோடிபி டெட்லாக்கில் பரிவர்த்தனை முழுவதையும் ரோல்பேக் செய்துவிடும், ஆனால் 1205 என்ற காத்திருப்புப் பிழையில் இயல்பாகக் கடைசிக் கட்டளையை மட்டுமே ரத்துசெய்யும். ஆரக்கிள் டெட்லாக்கிலும் அந்தக் கட்டளையை மட்டும்தான் ரத்துசெய்யும். மற்றப் பூட்டுகள் கையில் அப்படியே இருக்கும், ரோல்பேக் செய்வது செயலியின் பொறுப்பு. போஸ்ட்கிரஸ் ரோல்பேக் வரும்வரை வேறெந்தக் கட்டளையையும் ஏற்க மறுக்கும். இருப்பதில் பாதுகாப்பானது அதுதான். எங்கள் கடையின் நிரல், எரர் வந்த கட்டளையை மட்டும் ஒருமுறை திரும்ப ஓட்டிவிட்டு மேலே போய்க்கொண்டிருந்தது. இன்னோடிபியில் இதன் பொருள், பில்லின் முன்பாதி ரோல்பேக் ஆகி மறைந்துவிட்டது, பின்பாதி மட்டும் தனித்தனியாகக் கமிட் ஆகிவிட்டது என்பது. துண்டு இருப்பில் குறையவில்லை, வேட்டி குறைந்துவிட்டது. மாதக் கடைசியில் இருப்பு எண்ணும்போது கணக்கு இடித்ததற்குக் கிடங்குப் பையன்களை விசாரித்திருக்கிறார்கள் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. திரும்பச் செய்வதென்றால் பரிவர்த்தனையின் முதல் கட்டளையிலிருந்து செய்ய வேண்டும். படித்த மதிப்புகளையும் புதிதாகப் படிக்க வேண்டும். இருவரும் ஒரே கணத்தில் திரும்ப வந்து மறுபடி முட்டாமலிருக்க, சற்று முன்பின்னாக ஒரு சிறு இடைவெளி விட வேண்டும். மூன்று நான்கு முறைக்குமேல் விடக் கூடாது.

தரவுத்தளத்தின் கண்ணுக்கே படாத வட்டங்களும் உண்டு. செயலியின் ஒரு பகுதி தரவுத்தளப் பூட்டை வைத்துக்கொண்டு, தரவுத்தள இணைப்புகளைத் திறந்துவைத்துப் பகிர்ந்துகொடுக்கும் இணைப்புக் குளத்திலிருந்து இரண்டாவது இணைப்பு ஒன்று கிடைக்கக் காத்திருக்கிறது. குளத்தில் உள்ள இணைப்புகளெல்லாம் அந்தப் பூட்டுக்காகக் காத்திருப்பவர்கள் கையில். வட்டத்தின் பாதி தரவுத்தளத்துக்கு வெளியே இருப்பதால் எந்தச் சோதனையும் அதைக் கண்டுபிடிக்காது, பலியும் விழாது. எல்லாம் ஐம்பது நொடி உறைந்து நின்றுவிட்டு 1205-இல் போய் முடியும். காத்திருப்புப் பிழைகள் ஒரே நேரத்தில் கொத்தாக வந்தால் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்தத் தரவுத்தளத்தில் இப்போதும் ஒரு வகை டெட்லாக் மிச்சம் இருக்கிறது. இரவு ஒன்பதரை மணிக்கு மேல் ஓடும் விலை மாற்றும் வேலை, கடைசி நேரத்துப் பில் ஒன்றோடு வாரத்தில் ஒன்றிரண்டு முறை மோதுகிறது. பில்தான் பலியாகிறது, திரும்ப ஓடுகிறது, கவுன்ட்டரில் இருப்பவருக்கு அரை நொடி தாமதம்கூடத் தெரிவதில்லை. காரணம் தெரியும், திருத்தவும் தெரியும். அந்த வேலையை எழுதியவரிடம் கேட்டபோது, அதை மாற்றினால் மறுபடி சோதிக்க இரண்டு வாரம் ஆகும் என்றார். விட்டுவிட்டோம். பதிவேட்டில் அதன் எண்ணிக்கையை மட்டும் திங்கட்கிழமைதோறும் பார்த்துக்கொள்கிறோம்.